வளையல் தட்டினால் நிப்பாட்டு: அல்கொன்குயின் காட்டில் அம்மாவோடு ஒரு நாள்

இது ஒரு நாள் பயணத்தின் முழுக் கணக்கு. போனவர்கள் அம்மா, நான், தம்பி, என்னுடைய 11 வயது மகன். போன இடம் கனடாவில் ஒன்ராறியோவின் அல்கொன்குயின் மாகாணப் பூங்கா. நாள், செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்களைச் சுற்றியிருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதியாவது ஒருமுறை, இலையுதிர்காலத்தில் நிறம் மாறுகிற இலை பார்க்க அங்கே போய் வந்திருக்கும். சக்கர நாற்காலியில் ஒருவரை வைத்துக்கொண்டு போனவர்கள் குறைவு. போனவர்களும் "பரவாயில்லை, சமாளிச்சம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எப்படிச் சமாளித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 74. இரண்டு வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடது கையும் காலும் பலம் இழந்தன. பேச்சு தெளிவுதான், ஆனால் சத்தம் குறைந்துவிட்டது. பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிடம் நிற்பார். கார் இருக்கைக்கு மாற அது போதும். கிளிநொச்சியில் வளர்ந்தவர், இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். நடக்கக்கூடிய காலத்தில் இலை பார்க்கப் போக அவருக்கு நேரமே இருக்கவில்லை. வேலை, பிறகு பேரப்பிள்ளை.

தோற்ற பயணம்

இதற்கு முந்தைய ஒக்ரோபரில் வேறொரு இடத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஏரியும் சின்னக் காடும் உள்ள இடம். இணையத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. படம் பொய்யில்லை. வாகனத் தரிப்பிடத்தில் நீல அடையாளம் இருந்தது, ஏரிவரை தார்ப் பாதை, முடிவில் மரத்தால் கட்டிய பார்வை மேடை, அதில் ஏறச் சரிவுப் பாதை. எல்லாம் சரி. மேடையில் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தி, "வடிவாய் இருக்கோ?" என்று கேட்டேன்.

"சிறைக்குள்ள இருந்து பாக்கிற மாதிரிக் கிடக்கு."

நான் அவர் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. முன்னால் மரக் கம்பிகள், அதற்கு மேலே அகலமான கைப்பிடிச் சட்டம். தம்பி வீடு திருத்தும் வேலை செய்பவன். விடமாட்டான். அடுத்த கிழமை அளவு நாடாவோடு தனியாகப் போய் அளந்து வந்தான். சட்டத்தின் உயரம் 107 செ.மீ. நாற்காலியில் இருக்கும்போது அம்மாவின் கண் தரையிலிருந்து 112 செ.மீ. கால்தாங்கி முட்டுவதால் சட்டத்துக்கு 70 செ.மீ.க்குக் கிட்டப் போக முடியாது. மேடை தண்ணீரிலிருந்து 2 மீட்டர் உயரம்.

கணக்குப் போட்டால்: 70 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. இறக்கம், அதாவது பதினாலுக்கு ஒன்று. கண் தண்ணீருக்கு 3.1 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே சட்டத்துக்கு மேலாகப் பார்த்தால் முதல் 43 மீட்டர் தண்ணீர் தெரியாது. வாத்தும் அல்லியும், விழுந்து மிதக்கிற இலையும் எல்லாம் அந்த 43 மீட்டருக்குள்தான். நின்று பார்த்த எனக்கு எல்லாம் தெரிந்தது. அம்மாவுக்குக் கம்பிக்கு இடையில் கீற்றுக் கீற்றாக ஏரி.

அதோடு நிற்கவில்லை. தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய நாற்காலி, நாலு சில்லும் சின்னச் சில்லு. வைத்தியசாலை நடைக்கும் கடைத்தொகுதிக்கும் நல்லது. காட்டுப் பக்கம் ஒரு சின்னப் பாதையில் மரச்சீவல் போட்டிருந்தார்கள். பத்து மீட்டருக்குள் முன்சில்லு புதைந்து நின்றுவிட்டது. தம்பி வேகமாகத் தள்ளியதில் அம்மா முன்னுக்குச் சரிந்தார். இடுப்புப் பட்டி இருந்ததால் தப்பினோம். 35 நிமிடத்தில் காருக்குத் திரும்பினோம். "குளிருதோ?" என்று ஒரு தடவை கேட்டேன். "இல்லைப் பிள்ளை" என்றார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் இடது கால் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

பிழை பெரும்பாலும் எங்களுடையது. அந்த நீலப் படத்தை நாங்கள் "எல்லாம் சரி" என்று வாசித்தோம். அது சொல்வது "உள்ளே வரலாம்" என்பதை மட்டும்தான்.

ஆயத்தம்

அல்கொன்குயின் 1893-இல் தொடங்கிய பூங்கா, ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது. பரப்பு சுமார் 7,600 சதுர கி.மீ. பெரும்பகுதிக்குப் படகும் கால்நடையும்தான் வழி. ஆனால் தெற்கில் நெடுஞ்சாலை 60 பூங்காவை 56 கி.மீ. நீளத்துக்கு ஊடறுக்கிறது. மேற்கு வாசலிலிருந்து கி.மீ. கணக்கு வைத்து ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்காரருக்கு இந்த எண்கள் பெரிய உதவி. எந்த எண்ணில் கழிப்பறை, எந்த எண்ணில் சாப்பாடு என்று வீட்டிலேயே எழுதிவிடலாம்.

நாள் தெரிவு செய்வதில் இலையை மட்டும் பார்க்கக் கூடாது. சீனி மேப்பிள் மரங்கள் வழக்கமாகச் செப்டெம்பர் கடைசி வாரத்தில் உச்சத்துக்கு வரும். ஒக்ரோபர் நடுப்பகுதியை ஒட்டி ஆஸ்பென் மஞ்சளாகும். அதற்கும் பிறகு ரமறாக் என்ற ஊசியிலை மரம் பொன்னிறமாகும். அந்த நாட்களில் சனி, ஞாயிறு என்றால் சாலையே திருவிழா. தரிப்பிடம் நிறைந்து, மக்கள் தெருவோரத்தில் காரை விட்டு நடப்பார்கள். எங்களுக்கு அது சரிவராது. கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியைப் பக்கத்தில் அணைத்து, அம்மாவை நிற்பாட்டி, திருப்பி இருத்தவேண்டும். அதற்குக் காருக்குப் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் வெறுமையாக இருக்கவேண்டும். ஆகவே புதன்கிழமை. தம்பி ஒரு நாள் சம்பளத்தை விட்டான், மகன் ஒரு நாள் பள்ளிக்கூடத்தை விட்டான். பின்னவனுக்குக் கவலையே இல்லை. வாகன அனுமதிச் சீட்டை 5 நாளுக்கு முன்பே காலை 7 மணிக்கு இணையத்தில் எடுத்துவைத்தோம். இலைக் காலத்தில் வாசலில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால் மூன்று மணி நேர ஓட்டம் வீண்.

நாற்காலியை வாடகைக்கு எடுத்தோம். பின்சில்லு 24 அங்குலம், காற்றடிக்கிற ரயர். முன்சில்லு 8 அங்குலம், அகலமானது. மொத்த அகலம் 63 செ.மீ. தள்ளுகிறவருக்குப் பின்சில்லு முக்கியம்போலத் தெரியும். பாதையில் வழக்குப் போடுவது முன்சில்லுதான். சின்னச் சில்லு ஒரு வேரில் முட்டினால் நிற்கும், பெரிய சில்லு ஏறிப் போகும். மெத்தென்ற நிலம் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுக்கவேண்டும், அப்போது பெரிய சில்லு முன்னே போய் வழி விடும். இறக்கத்திலும் அப்படியே, பின்பக்கமாக இறக்கவேண்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள பூங்காவில் தம்பி என்னை இருத்தி இரண்டு பின்னேரம் பழகினான். எல்லாக் குடும்பமும் இதைச் செய்யவேண்டும் என்பேன். தள்ளுகிறவர் ஒரு தடவை இருந்து பார்க்கவேண்டும். மூன்று செ.மீ. பள்ளம் முதுகெலும்பில் எப்படி அடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

குளிருக்கு அம்மாவின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஆலோசனை கேட்டோம். தள்ளுகிறவருக்கு வேர்க்கும், இருக்கிறவருக்கு விறைக்கும். உங்கள் உடம்பை வைத்து அவருடைய குளிரை அளக்காதீர்கள் என்றார். பக்கவாதம் வந்த பக்கம் குளிர்ந்தாலும் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே "குளிருதோ?" என்று கேட்பதை விட்டுவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இடது கை விரலைத் தொட்டுப் பாருங்கள் என்றார். சுடுதண்ணிப் பை கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, இடது கால் பக்கம் வைக்கவே வேண்டாம் என்று விட்டார். சுடுவது தெரியாத கால் வெந்துபோகும். மடியில், துவாயில் சுற்றி, வலது கைக்குக் கீழே மட்டும். காலுக்கு இரண்டு கம்பளிக் காலுறை, ஒரு அளவு பெரிய சப்பாத்து, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுற்றிய போர்வை.

சிறுநீர்க் குளிசை ஒன்றும் இருக்கிறது. வைத்தியரைக் கேட்டு அன்றைக்கு மட்டும் நேரம் மாற்றினோம். இல்லாவிட்டால் அம்மா செய்வது எனக்குத் தெரியும். எங்களுக்குக் கரைச்சல் வேண்டாம் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார். நாற்காலியில் இருக்கிற பல பெரியவர்கள் வெளியே போகும் நாளில் இப்படித்தான் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

கடைசியாக ஒரு விஷயம், அம்மா சொன்னது. முதல் நாள் இரவு சாமான் அடுக்கும்போது சொன்னார். "போன முறை நான் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு சொன்னனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்தால் அது நடக்கக்கூடியதுதான். தள்ளுகிறவர் பின்னால். இருக்கிறவர் முன்னால் பார்த்து மெல்லிய குரலில் சொல்கிறார். சில்லுச் சத்தம், காய்ந்த இலைச் சத்தம், நானும் தம்பியும் கதைக்கிற சத்தம். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது திரும்புவது எல்லாவற்றையும் நாங்கள்தான் முடிவு செய்தோம். இலை பார்க்கப் போனவர் அம்மா, பார்த்தது நாங்கள் காட்டியதை.

என்னுடைய மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மம்மாவின் வலது கையில் இரண்டு தங்க வளையல்கள், நாற்காலியின் கைதாங்கிக்குக் கீழே வெற்று இரும்புக் குழாய். "அம்மம்மா, தட்டுங்கோ." டிக், டிக். மெல்லிய கூரான சத்தம், பத்து அடிக்கும் கேட்கும். இரண்டு தட்டு என்றால் நிப்பாட்டு, ஒரு தட்டு என்றால் போ. சட்டம் போட்டாயிற்று.

பூங்காவில்

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். வழியில் ஒரு ஓய்விடத்தில் கழிப்பறைக்கும் தேத்தண்ணிக்கும் அரை மணி நேரம். ஹண்ட்ஸ்வில் தாண்டிப் பூங்காவின் மேற்கு வாசலில் நுழையும்போது பத்து மணி ஐந்து நிமிடம், வெளியே 8 பாகை. மேற்குப் பாதிதான் மேப்பிள் குன்றுகள். காருக்குள் இருந்தே முதல் இருபது கி.மீ. பார்த்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மகன்தான், "அம்மம்மா, சிவப்பு எல்லாம் மேப்பிள்" என்று பாடம் எடுத்துக்கொண்டு வந்தான்.

கி.மீ. 30-ஐத் தாண்டியதும் மியூ ஏரி முகாம் பகுதி. அங்கே இறங்கினோம். இறங்கியதற்குக் காரணம் பழைய ரயில் பாதை. 1890களில் ஜே. ஆர். பூத் என்ற மரவியாபாரி இந்தக் காட்டுக்குள்ளால் ஒட்டாவாவிலிருந்து ஜோர்ஜியன் வளைகுடா வரை ரயில் போட்டார். பைன் மரம் ஏற்றவும் மேற்கிலிருந்து தானியம் கொண்டுவரவும். ரயில் நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தண்டவாளத்தை எடுத்த தடத்தில் கேஷ் ஏரிக்கும் ரொக் ஏரிக்கும் இடையே 16 கி.மீ. மிதிவண்டிப் பாதை ஓடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பாரம் ஏற்றிய நீராவி ரயிலால் மேடு ஏற முடியாது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவே அதற்குப் பெரிய பாடு. ஆகவே ரயில் போடுகிறவர்கள் குன்றை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, தேவையென்றால் சுற்றிப் போய், நிலத்தை மட்டமாக்குவார்கள். மரம் வெட்டிக் காசு பார்க்க வந்த மனிதர், தெரியாமலே அம்மாவுக்கு ஒரு பாதை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மலைக்காட்டுக்குள் இப்படி மட்டமான வழி வேறு எப்படியும் வந்திருக்காது. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சக்கர நாற்காலியோடு காடு பார்க்கவேண்டுமென்றால் முதலில் பழைய ரயில் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். இது சக்கர நாற்காலிக்கென்று போட்ட பாதை இல்லை. கெட்டியான சரளை, இடையிடையே மண், ஈர இலை. கையால் தாமே சில்லை உருட்டிப் போகிறவர்களுக்குக் கொஞ்சத் தூரத்தில் தோள் நோகும். இரண்டு பேர் மாறி மாறித் தள்ளினால் நல்லது. விழுந்த இலை பாதையின் ஓரத்தை மறைத்துவிடும். ஆகவே மகன் இரண்டு அடி முன்னே நடந்து, கல்லும் குழியும் பார்த்துச் சொன்னான். ஈர இலை சில்லில் ஒட்டிச் சுற்றி, தம்பியின் கைக்கு வரும். ஒரு பழைய துணி கையில் இருக்கவேண்டும்.

முதல் டிக் டிக் ஐம்பது மீட்டருக்குள். நின்றோம். அம்மா காட்டியது ஒரு மரத்தையும் இல்லை. பாதையோரத்தில், நாற்காலியில் இருக்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி, முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி மேப்பிள். ஐந்தோ ஆறோ இலைதான், ஒன்று பாதி பச்சை பாதி சிவப்பு. நாங்கள் மூன்று பேரும் மேலே பார்த்துக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருப்போம்.

"ஏன் சிவக்குது?"

மகன் படித்ததைச் சொன்னான். மஞ்சள் நிறம் முதலே இலைக்குள் இருக்கிறது, பச்சையம் அழிந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. வெயில் பகலில் இலை சீனி செய்கிறது, இலைக்காம்பில் அடைப்பு விழத் தொடங்கும்போது சீனி உள்ளே தங்கி, அதிலிருந்து சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. வெயில் பகலும் குளிர் இரவும் மாறி மாறி வந்தால் சிவப்பு கூடும்.

அம்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஊரிலை மாந்தளிர் இப்பிடித்தான் சிவக்கும். இஞ்சை விழப்போற இலை சிவக்குது."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சரிதான், இரண்டுக்கும் ஒரே குடும்பத்து நிறமி, அந்தோசயனின். மாந்தளிர் நிறச் சேலை என்று கடையில் கேட்டு வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் மேப்பிளோடு சேர்த்து யோசித்ததில்லை.

டிக், டிக். ஒரு பிர்ச் மரத்தின் உரிந்த பட்டை, தொட்டுப் பார்க்கவேண்டுமாம். டிக், டிக். அணில் ஒன்று கூம்பைக் கொறித்துக் குவித்த குப்பை. டிக், டிக். ஒன்றும் இல்லை, வெயில் படுகிற இடம், கொஞ்சம் இருக்கவேண்டும். தம்பிக்கு முதலில் பொறுமை போனது. "இப்பிடிப் போனா ஏரிக்கு எப்ப போய்ச் சேருறது?" என்றான். நானும் அதையேதான் நினைத்தேன், சொல்லவில்லை. பிறகு அவனே நாற்காலித் தடையைப் போட்டுவிட்டு மரத்தில் சாய்ந்து நிற்கப் பழகிவிட்டான். இரண்டு தடவை விரலைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவை குளிர்ந்திருந்தது. எனக்கோ ஜக்கெற்றைக் கழற்றும் அளவுக்கு வேர்வை. என் ஜக்கெற்றை அம்மாவின் இடது பக்கத்தில் சுற்றினேன்.

பழைய விமானத் தளத்து வெளியைத் தாண்டினால் மரங்களுக்கு நடுவே டூ ரிவர்ஸ் ஏரி தெரியத் தொடங்கும். மடவாஸ்கா ஆறும் அதன் வட கிளையும் சேருமிடம் என்பதால் அந்தப் பெயர். ஓரிடத்தில் மரங்கள் விலகி, தண்ணீர் கிட்டவே வந்தது. மேடையும் கம்பியும் இல்லாத வெறும் கரை. நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு தடையும் போட்டு, சில்லுக்கு முன்னால் ஒரு கட்டை வைத்தோம். அம்மாவின் கண்ணுக்கும் ஏரிக்கும் இடையில் ஒன்றுமில்லை. காற்று இல்லாததால் எதிர்க் குன்று முழுக்கத் தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது. கரையோரத்தில் இலைகள் ஒரு வரிசையாக ஒதுங்கியிருந்தன.

நெடுநேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார். "இதுக்கு வான் எங்கை?"

மகனுக்கு விளங்கவில்லை. வான் என்றால் குளம் நிரம்பினால் மேலதிகத் தண்ணீர் வழிந்து போகும் இடம். வன்னியில் குளம் என்றால் மனிதன் கட்டியது. அணைக்கட்டு, வான், தண்ணீர் திறந்துவிடுகிற துருசு எல்லாம் இருக்கவேண்டும். மழைக்காலத்தில் "வான் பாயுதாம்" என்று ஊரே பார்க்க ஓடும். கட்டாத ஏரி, தானே கிடக்கிற தண்ணீர் என்று சொன்னேன். அவ்வளவு நம்பவில்லை. "ஆரோ மறிச்சிருப்பினம்" என்றார்.

போகவர 2.2 கி.மீ., எடுத்த நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். மகன் எண்ணியபடி 23 தடவை நின்றோம். முந்தைய வருடம் 35 நிமிடத்தில் நாலு தடவை, நாலும் எங்களுடைய விருப்பத்துக்கு.

கி.மீ. 43-இல் பார்வையாளர் மையம். பூங்காவின் நூற்றாண்டுக்கு 1993-இல் திறந்த கட்டடம். அதைப்பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஏனென்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சூடான இடம், நாற்காலி நுழைகிற கழிப்பறை, கண்காட்சி. கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் காருக்குள் சாப்பிட்டோம். மையத்தின் பார்வை மேடையில் பதினைந்து நிமிடம் சதுப்பு நிலத்தைப் பார்த்தோம். ரமறாக் இன்னும் பச்சைதான். ஊசியிலை மரமாயிருந்தும் இலையுதிர்க்கிற வினோத மரம் அது. பக்கத்தில் கி.மீ. 42.5-இல் ஸ்புரூஸ் சதுப்புப் பலகைப் பாதைக்குப் போக ஆசைப்பட்டோம். பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பஸ் நிறைய வந்திறங்கினார்கள். பலகைப் பாதையில் எதிரே கூட்டம் வந்தால் ஒதுங்க இடம் வேண்டும், திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். விட்டுவிட்டோம்.

வான்

கிழக்கு வாசலுக்குக் கிட்ட கி.மீ. 54.5-இல் மரவெட்டு அருங்காட்சியகம். 1.3 கி.மீ. சுற்றுப் பாதையில் மரவெட்டுக் காலத்தை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அங்கே போகும்போது மூன்று மணி. அம்மாவுக்குக் களைப்பு. அரைவாசியில் திரும்பலாம் என்றே தொடங்கினோம்.

முதலில் மரவெட்டுக்காரர் குளிர்காலத்தில் தங்கிய மரக்குடில். ஐம்பது பேர் வரை ஒரே அறையில், நடுவில் தீ, கூரையில் புகை போக ஓட்டை. அம்மா உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். பிறகு அலிகேற்றர் என்ற நீராவிப் படகு. 1889-இல் ஒன்ராறியோவின் சிம்கோ ஊரில் ஜோன் வெஸ்ற் என்பவர் உருவாக்கியது. ஏரியில் மரங்களை இழுக்கும். ஏரி முடிந்தால் கரையில் ஒரு மரத்தில் இரும்புக் கயிற்றைக் கட்டி, தன்னிலுள்ள கயிறு சுற்றும் உருளையால் தன்னையே இழுத்துக்கொண்டு நிலத்தில் ஏறி, காட்டைத் தாண்டி, அடுத்த ஏரியில் இறங்கும். தம்பி இதை விளங்கப்படுத்த, அம்மா நாற்காலியின் கைதாங்கியைத் தட்டிக் காட்டி, "இதுக்கும் ஒண்டு பூட்டிவிடு" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

ஒரு மேட்டில் தம்பி திருப்பிப் பின்னோக்கி இழுத்தான். சரளை இளகியிருந்த இடம் அது. மேட்டில் ஏறி நாற்காலியைத் திருப்பிய கையோடு டிக், டிக், டிக், டிக். நாலு தட்டு. சட்டத்திலேயே இல்லாதது.

"இந்தாக் கிடக்கு வான்!"

மரத்தால் கட்டிய அணை. தண்ணீரை மறித்து, பக்கத்தில் மரம் வழுக்கிப் போக நீளமான மரத் தொட்டி. பனி உருகும் காலத்தில் இப்படி அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, கதவைத் திறந்து, வெட்டிய மரங்களை ஆற்றோடு விடுவார்கள். பாறையும் நீர்வீழ்ச்சியும் உள்ள இடத்தில் மரம் நொருங்காமல் தொட்டி வழியே போகும். அம்மா சொன்னது பிழையில்லை. ஆரோ மறிச்சுத்தான் இருக்கினம். கதவு எப்படித் தூக்கும், பலகையை எங்கே செருகுவார்கள் என்று தம்பியிடம் கேள்விமேல் கேள்வி. பிறகு மகனுக்கு இரணைமடுவில் வான் பாய்ந்த ஒரு வருடத்தின் கதை. எனக்கே சொல்லாத கதை அது. இருபது நிமிடம் நின்றோம். அரைவாசியில் திரும்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை, சுற்று முழுக்கப் போனோம்.

கணக்கில் எழுதியவை

ஒன்ராறியோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மைச் சட்டம் 2005-இல் வந்தது. 2025 ஜனவரி 1-க்குள் மாகாணம் முழுவதும் தடையற்றதாகவேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. அதன்கீழ் வந்த விதியில், புதிதாகப் போடுகிற அல்லது திருத்திப் போடுகிற பொழுதுபோக்குப் பாதைகளுக்கு அளவுகள் இருக்கின்றன. அகலம் குறைந்தது 1,000 மி.மீ., மேற்பரப்பில் 20 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, தண்ணீர் ஓரமென்றால் 50 மி.மீ. உயர விளிம்புக் காப்பு. எங்களுடைய 63 செ.மீ. நாற்காலிக்கு ஒரு மீட்டர் தாராளம். இந்த அளவுகள் எல்லாம் சில்லுக்கானவை. சில்லு தண்ணீர்வரை போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடங்களில்தான் 107 செ.மீ. கைப்பிடிச் சட்டம் கண்ணில் முட்டுகிறது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: ஓய்விடம், பார்வை இடம் எல்லாம் தேவையா என்று பாதை போடுமுன் மாற்றுத்திறனாளிகளிடம் கருத்துக் கேட்கவேண்டும். கேட்கிற கூட்டத்துக்கு நாங்கள் போவதில்லை என்பதும் உண்மை. அடுத்த தடவை எங்கள் நகரசபை அப்படி ஒன்று வைத்தால் தம்பி அளவு நாடாவோடு போவதாகச் சொல்லியிருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் பிழைத்ததையும் எழுதுகிறேன். அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைத்தது பிழை. அம்மாவுக்குப் பலம் உள்ள நேரத்தில் அதைப் பார்த்திருக்கவேண்டும். அதோடு மேற்கு வாசலுக்குத் திரும்ப முழுப் பூங்காவையும் மறுபடி ஓடவேண்டியிருந்தது. ரயருக்குக் காற்றைக் கல்லுப்போல அடித்திருந்தோம். கொஞ்சம் குறைத்திருந்தால் குலுக்கல் குறைந்திருக்கும். மெத்தை போதவில்லை, மறுநாள் இடுப்பு நோ. ஒரே நாளில் போய்வருவது 74 வயது உடம்புக்கு அதிகம். ஹண்ட்ஸ்வில்லில் ஒரு இரவு தங்கியிருக்கவேண்டும்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நித்திரை என்று நினைத்து வானொலியையும் நிறுத்தினோம். பூங்காவை விட்டு வெளியே வந்து கொஞ்சத் தூரம். பின் இருக்கையில், கதவுக் கைப்பிடியில் டிக், டிக்.

தம்பி காரை ஓரங்கட்டினான். "என்னம்மா?"

"ஒண்டுமில்லை. எங்கையும் நிப்பாட்டித் தேத்தண்ணி குடிப்பம். காலமையிலிருந்து வடிவாத் தண்ணி குடிச்சனான், இனிக் கழிப்பறையும் வேணும்."